பிடியரிசிப் பந்தி

— எழுப்புங்கன்னு சொல்லுதேம்லா, மாரியம்மா. அந்தக் கடைசி வரிசையில இருக்க முகாம் பிள்ளைகள முதல்ல எழுப்புங்க.

— இன்னா சார் நீ, வந்ததும் வராததுமா! தட்டுல சோறு போட்டாச்சு, கொழம்பு ஊத்தியாச்சு. பாதி துன்னுக்கினு கீற புள்ளைய எப்டி சார் எழுப்புறது?

— அப்ப அதுக முகாம் பிள்ளைகதான். ஒத்துக்கிடுதிய.

— நான் எங்க சார் ஒத்துக்கினேன்? புள்ளைங்கன்னுதான சொன்னேன்.

— இந்தப் பக்கத்துக்கு மாத்தலாகி வந்து ஒரு மாசந்தான் ஆச்சு. அதுக்காக இந்தத் திருமலைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிராதிய. சத்துணவு ஆபீசுலயே தல நரைச்சவன் நான். உத்தரவு வந்தது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

— தெரியும் சார். நம்ம அமைப்பாளரு மெர்சி டீச்சர், பிரசவத்துக்கு குன்றத்தூர் போறதுக்கு முன்ன படிச்சிக் காட்டிட்டுதான் போனாங்க.

— என்னன்னு படிச்சாவ?

— சிலோன்லேந்து வந்து முகாம்ல கீறவங்க புள்ளைங்களுக்கு இனிமே பள்ளிக்கூடம் கெடியாது, மத்தியான சோறும் கெடியாது. கவர்மெண்டு அரிசில ஒரு பருக்கை அவங்களுக்குப் போவக் கூடாது. அதான?

— அதேதான். அம்புட்டும் வெளங்கியும் பந்தி போட்டு வச்சிருக்கிய! மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல நடந்த கொடுமைக்குப் பொறவு மேல எல்லாத்தையும் இறுக்கிட்டாவ. இது நானா எழுதுன உத்தரவு இல்ல.

— அந்தக் கொடுமைய பண்ணது யாரு சார்? தோ, மூக்கு ஒழுவிக்கினு அப்பளத்துக்கு அழுவுறானே, இவனா?

— அதையெல்லாம் என்கிட்ட கேக்காதிய. நான் சொல்லுத எடத்துல இல்ல, செய்யுத எடத்துல இருக்கேன்.

— நானும் செய்யிற எடத்துலதான் சார் கீறேன். அடுப்புக்கு முன்னால. பந்தில குந்தினவங்கள பாதில எழுப்புறது எங்க பக்கத்துல பெரும் பாவம். சாவு வூட்டுல சண்ட போட்டுக்கினு வெட்டுக் குத்துன்னு நிப்பானுங்க. அவனுங்க கூட எல போட்டுட்டா வாய மூடிக்குவானுங்க. உங்க திருநெல்வேலில எப்டி சார், எழுப்பிடுவீங்களா?

— திருநெல்வேலின்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?

— நீ வாயத் தொறந்தாவே தெரியுது சார். இங்க கீற எல்லாருக்கும் அவங்கவங்க வாயிதான் காட்டிக் குடுக்குது.

— சரி. எங்க ஊர்லயும் எழுப்ப மாட்டாவ. தின்னு முடிக்கட்டும், அதுவரைக்கும் நிக்கேன். ஆனா ஒண்ணு, நாளைக்கி இந்தப் பிள்ளைகள இங்கன பாத்தேன்னா ஒங்க வேல போயிரும். இன்னைக்கி நான் எழுதுறதுலயே போனாலும் போயிரும். வெளங்குதா?

— வெளங்குது சார். எங்க வூட்டுக்காரரு தண்டலம் ரோட்டு கம்பெனில லோடு தூக்குறாரு. ஒரு நாள் ஷிப்டு கெடைக்கும், மூணு நாள் கெடைக்காது. இந்த வேல போனா நான் செங்கல் சூளைக்குதான் போவணும். அத்தினி தெரிஞ்சிதான் சொல்றேன், குந்து சார். நின்னுக்கினே கீறயே, கால் வலிக்கும்.

— உக்காருதேன். அங்கன அடுப்புப் பக்கத்துல விறகு பொளக்க அந்த அம்மா யாரு? சத்துணவு ஆயாவா?

— ஆயா எங்க சார் போட்டாங்க? அந்த எடம் காலியாவே கீது. அது புவனக்கா. மன்னாருக்காரங்க.

— மன்னாரா? முகாமா? ஏம்மா, இங்க வாங்க. கோடாலிய வச்சிட்டு வாங்க.

— வணக்கம் ஐயா. என்ர பேர் புவனம். நான் கூலிக்கு வரேல்ல ஐயா, கோவியாதேங்கோ. சும்மா மாரிக்கு விறகு கொத்திக் குடுக்க வந்தனான்.

— கூலிக்கோ சும்மாவோ, அரசாங்கக் கூடத்துக்குள்ள நீங்க வரப்பிடாது. முகாம விட்டு வெளிய வாறதுக்கு அனுமதி இருக்கா?

— ஓம் ஐயா. வாசல்ல பொலீசிட்ட சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். பின்னேரம் கூப்பிட்டுப் பேர் வாசிக்கேக்குள்ள நிண்டாச் சரி.

— இந்த மாதிரி வந்து போறது தெரிஞ்சா ஒங்களுக்கு மாசாமாசம் வார உதவியையே நிப்பாட்டிருவாவ.

— தெரியும் ஐயா.

— எல்லாரும் தெரியும் தெரியும்ங்கிய! தெரிஞ்சிக்கிட்டே செஞ்சா என்ன அர்த்தம்?

— சார், அக்கா மேல கூவாத. இன்னா வேணுமோ என்ன கேளு. அக்கா, நீ போய் அடுப்ப பாரு. சோறு இன்னோரு தபா வைக்கணும்.

— ஓம் மாரி. ஐயாவுக்கு முதல்ல குடிக்கத் தண்ணி குடும். முகம் எல்லாம் வேர்த்துக் கிடக்கு.

— பாத்தியா சார்? நீ நிப்பாட்டுறேன்ற, அது உனக்குத் தண்ணி குடுன்னுது. இந்தப் பொம்பளையப் பத்தி உனக்குத் தெரியாது சார். போன வருசம் படகுல வந்தாங்க. புருசன் வரல. எங்க கீறாருன்னும் தெரியாது, கீறாரான்னும் தெரியாது. சூளைக்குப் பின்னால பழைய குடோன் கீது பாரு, அதுல படுதாவ கட்டி வூடு வூடா பிரிச்சிக்கினு கீறாங்க. மழ பேஞ்சா உள்ள குட புடிக்கணும். அதுலயும் காலைல போய்ப் பாரு, வாசல்ல தண்ணி தெளிச்சி கோலம் போட்டுக் கீது. படுதாவுக்கு முன்னால கோலம் சார்!

— சரி, அதுக்கு?

— அதுக்கு இன்னா அதுக்கு? மே மாசம் ஊரே மூஞ்சத் திருப்பிக்கிச்சு. டீக்கடைல இவங்களுக்கு டீ கெடியாது, சூளைல வேல கெடியாது. ராத்திரில குடோன் ஓட்டு மேல கல்லு. ஒரு கல்லு புவனக்கா தோள்ல. தழும்பு கீது, அத்த காட்ட மாட்டாங்க. அந்த வாரம் எங்க தெருவுல சசிரேகாவுக்கு நடுப் பகல்ல வலி வந்துருச்சு. ஆம்பளைங்க எல்லாம் பெரும்புதூருக்கு ஓடிப் போய்க் கீறாங்க, வண்டி கெடியாது, பஸ்ஸு கெடியாது. யாரு வந்தாங்க தெரியுமா? கல்லடி பட்ட தோளோட இந்தக்கா வந்தாங்க. கேக்கவே இல்ல சார். கத்துற சத்தம் கேட்டுது, வந்துட்டாங்க. கொழந்தையக் கழுவி எங்க கைல குடுத்துட்டு, ஒரு வா தண்ணி கூட குடிக்காம போய்ட்டாங்க.

— நல்ல மனுசிதான். நான் இல்லன்னு சொல்லல.

— அந்தப் புள்ளைங்கள பாரு. காலைல பெல்லு அடிச்சா உள்ள வர முடியாதில்ல, வேலிக்கு அந்தாண்ட நின்னுக்குதுங்க. உள்ள எங்க புள்ளைங்க வாய்ப்பாடு சொல்லும், வெளிய அதுங்க சொல்லும். உள்ள இருக்கிறது நடுவுல மறந்து முழிக்கும். வெளிய இருக்கிறது எடுத்துக் குடுக்கும்! வாத்தியாரு ராமன் சார் சன்னல மூடணும்னு உத்தரவு கீதுன்றாரு. மூடுறாரா? மூட மாட்டாரு. கொக்கி துருப் பிடிச்சிருச்சிங்கறாரு. நான்தான் போன வாரம் எண்ண போட்டேன் அந்தக் கொக்கிக்கு.

— என்கிட்ட ஏம்மா இதையெல்லாம் சொல்லுதிய?

— நீ எழுதப் போறதா சொன்னியே. எல்லாத்தையும் சேத்து எழுது.

— நான் எழுதுறது ஒண்ணே ஒண்ணுதான். கவர்மெண்டு அரிசி முகாம் பிள்ளைகளுக்குப் போகுதா, இல்லியா?

— போவல சார். மெய்யாலுமே போவல. வல்லக்கோட்ட முருகன் மேல ஆணையா சொல்றேன், ஒரு பருக்கை போவல.

— கண்ணு முன்னால தின்னுதுக!

— துன்னுதுங்க. ஆனா அது கவர்மெண்டு அரிசி இல்ல.

— பொறவு என்ன அரிசி? வானத்துலேந்து கொட்டுச்சா?

— பிடியரிசி சார்.

— பிடியரிசியா?

— அக்காங். பொம்பளைங்க ஒலைல போடுறதுக்கு முன்ன ஒரு கைப்பிடி எடுத்து தனியா டப்பால போட்டு வெப்பாங்கல்ல, அதான். வாரத்துக்கு ஒரு தபா சேத்து இங்க குடுத்துடுறாங்க.

— அத எனக்குச் சொல்லித் தாறியளா? எங்க அம்மை திருச்செந்தூருக்குன்னு எடுத்து வைப்பா. கலயம் நெறைஞ்சிரும், வீட்ல குழம்பு சோத்துக்கு வழி இருக்காது, ஆனா அந்தக் கலயத்துல கை வைக்க மாட்டா. எடுத்த பிடிய திருப்பி நம்ம உலையில போடப்பிடாதும்பா.

— இங்கயும் அதே கணக்குதான் சார். எடுத்தது எடுத்ததுதான்.

— ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குக் குடுக்கத எடுத்து இந்தப் பிள்ளைகளுக்குப் போடுதாவளாக்கும், ஒங்க ஊர்ப் பொம்பளைக? ம்... மே மாசம் கல்லு விட்ட ஊரு. இப்ப பிடியரிசி குடுக்கு. பெரிய மனசும்மா. நான் ஒங்கள வேற மாதிரி நெனச்சிட்டேன்.

— முருகனுக்குப் போனா இன்னா, புள்ளைங்க வயித்துக்குப் போனா இன்னா சார். போடட்டுமா ஒரு தட்டு?

— எனக்கா? வேண்டாம்.

— வேணாம்னா எப்டி? ஆபீசர் வந்தா சமையல ருசி பாக்கணும்னு ரூல் கீதுல்ல? மெர்சி டீச்சர் சொல்லிக் கீறாங்க. பாக்காம போனா அதுவும் தப்பு.

— அந்த ரூல் மட்டும் நல்லா ஞாவகம் இருக்கு ஒங்களுக்கு.

— எனக்கு எல்லா ரூலும் ஞாவகம் கீது சார், அதான் பேஜாரே. அக்கா, சாருக்கு ஒரு தட்டு கொண்டா. அந்தப் புள்ளைங்க பக்கத்துல குந்து சார், சேர்ல குந்தி துன்னா சோறு எறங்காது.

— கொஞ்சம் போல போதும். ருசி பாக்கத்தான்.

— இந்தாங்கோ ஐயா. இது பருப்பு, இது சொதி. தேங்காய்ப் பால் கொஞ்சம்தான் விட்டது, தேங்காய் விலை. உப்புக் காணாட்டிச் சொல்லுங்கோ.

— சொதியா? இது எங்க ஊர்க் கல்யாணத்துல மறுநாள் வைப்பாவளே! ஊர விட்டு வேலைக்கு வந்து வருசக் கணக்குல நான் சொதிய கண்ணால பாக்கலியே.

— அப்ப நல்லாச் சாப்பிடுங்கோ ஐயா. இன்னும் கொஞ்சம் விடட்டே?

— விடுங்க. சோறும் ஒரு கரண்டி... போதும், போதும். ஆங், கொஞ்சம்.

— இன்னா சார், ருசி பாத்தா மாதிரி தெரியலியே, பசி ஆத்துறா மாதிரி கீதே.

— காலையில சாப்பிடல. ஒரகடத்துல ஒத்த ரூம். ரேஷன் கார்டு இன்னும் மாத்தித் தரல, அங்க போ இங்க போன்னு அலைக்கழிக்கான். மண்ணெண்ணெ வெளிய வாங்கி நமக்குக் கட்டுபடி ஆகாது. பன்னும் டீயுமா ஓடுது.

— கவர்மெண்டு ஆளு, உனக்கே கார்டு இல்லன்னா சோறு இல்ல. நல்லா கீது போ.

— கேலியா பண்ணுதிய? பண்ணுங்க. இந்தச் சோத்துக்காக ஒங்களுக்கு ஒரு வழி சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. மனசறிஞ்சி நான் பிள்ளைக வயித்துல அடிக்க மாட்டேன். பிடியரிசி ஒங்க ஊர்ப் பொம்பளைக குடுக்கது. அதுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ஒரே பானையில போட்டு ஒரே பந்தியில வச்சா, கேக்கவன் கேக்கத்தான் செய்வான். அதனால ரெண்டாப் பிரிச்சிருங்க.

— ரெண்டாவா?

— ரெண்டு பானை. கவர்மெண்டு அரிசி ஒரு பானை, அது நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு, இங்க கூடத்துக்குள்ள. பிடியரிசி தனிப் பானை, வேலிக்கு வெளிய வேப்ப மரத்தடியில. அது முகாம் பிள்ளைகளுக்கு. கோயில் அன்னதானம் மாதிரி ஆயிரும். நான் கண்டுக்கிட மாட்டேன். அவங்கவங்க அரிசி அவங்கவங்களுக்கு. ஒங்க வேலையும் போகாது, பிள்ளைகளும் பட்டினி கெடக்காது. எப்படி?

— வேணாம் சார். ஒரே பானையாவே இருக்கட்டும்.

— என்னம்மா இது! எறங்கி வந்து வழி சொல்லுதேன், வேண்டாம்ங்கிய?

— புள்ளைங்க ஒண்ணா குந்தி பழகிட்டுதுங்க. பிரிச்சா அழும்.

— அழுதா அழுதுட்டுப் போகுது. நாளையிலேர்ந்து ரெண்டு பானை. இப்பவே நம்ம பிள்ளைகளுக்கு எம்புட்டுன்னு அளந்து காட்டுதேன். அந்த அரிசி ரூமத் தொறங்க.

— ரூமா? சாவி மெர்சி டீச்சர் கிட்டல்ல கீது. குன்றத்தூருக்குல்ல கொண்டு போய்ட்டாங்க.

— அந்தா ஆணியில தொங்குதே, அது என்ன?

— அது... அது பழைய சாவி சார்.

— பழைய சாவிக்கு எதுக்குப் புதுக் கயிறு? எடுங்க.

— வேணாம் சார். எலி கீது உள்ள. நீ சாப்பாட்டு மேல கீற. துன்னுட்டு அப்பால பாத்துக்கலாம்.

— மாரியம்மா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அரிசி இருக்கா உள்ள?

— சோறு ஆறிடும் சார், துன்னு.

— கேக்கேம்லா?

— இல்ல சார்.

— இல்லியா? ஆபீசுல எறக்கியாச்சுன்னு சொன்னாவ. ரெண்டு மாச லோடு! அது எங்க?

— தெரியாது சார்.

— தெரியாதா? சாவி ஒங்க கையில, அடுப்பு ஒங்க கையில, டீச்சரும் ஊர்ல இல்ல. வித்துட்டியளா?

— புள்ளைங்க பாக்குதுங்க சார், மெல்லமா பேசு.

— பிள்ளைக அரிசிய வித்துத் தின்னுட்டு, ஊர்ப் பொம்பளைக பிடியரிசிய வச்சி சமாளிச்சிக்கிட்டு, அதுக்கு மேல முகாம் பிள்ளைகளக் காட்டி என்னையும் உருக்கிப்புட்டிய! சன்னல், கொக்கி, வாய்ப்பாடு! நான் ஒரு மடையன், சோத்தத் தின்னுட்டு வழி வேற சொல்லுதேன். இது வேல போறதோட நிக்காது, தெரியுமா? போலீசு வரும்.

— வரட்டும் சார். எழுதிக்க. மாரி வித்துட்டான்னு எழுதிக்க.

— ஒத்துக்கிடுதியளா?

— எழுதிக்கன்னேன்.

— இல்லை ஐயா! எழுதாதேங்கோ. அவ களவெடுக்கேல்ல.

— அக்கா, நீ சொம்மா இரு.

— என்னெண்டு மாரி சும்மா இருக்கிறது? உம்மைக் கள்ளி எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறார், நான் விறகு கொத்திக்கொண்டு நிக்கிறதே? ஐயா, அந்த அறையில அரிசி வந்து இறங்கினாத்தானே களவெடுக்க. பள்ளிக்கூடம் திறந்த நாளில இருந்து இஞ்ச லொறி வரவே இல்லை.

— வரலியா? எறக்கியாச்சுன்னு...

— எங்க எறக்கினாங்களோ, யாரு வூட்டுல எறக்கினாங்களோ, எனக்குத் தெரியாது சார். மெர்சி டீச்சர் நெற மாச வயித்த தூக்கிக்கினு ரெண்டு தபா உங்க ஆபீசு படி ஏறினாங்க. நீ வர்றதுக்கு முன்ன. "வந்தா அனுப்புறோம், இல்லன்னா அடுப்ப மூடிட்டு வூட்டுக்குப் போ"ன்னானுங்க. இந்த வருசம் ஏரி காஞ்சி கெடக்குது சார். பாதி வூட்டுல காலைல ஒல வைக்கிறதில்ல. எங்க புள்ளைங்க மத்தியான சோத்துக்குத்தான் பள்ளிக்கூடம் வருதுங்க. அடுப்ப எப்டி சார் மூடுறது?

— அப்பவே ஊர்ல சொல்லி இருக்கலாம்லா, அரிசி வரலன்னு? பிடியரிசி குடுக்க பொம்பளைக சொல்ல மாட்டாவளா?

— எங்க ஊரு பொம்பளைங்களுக்கு லோடு வராததே தெரியாது சார். அவங்க எங்க குடுத்தாங்க?

— பொறவு?

— எங்கட பிடி ஐயா அது.

— யாரு? முகாமா?

— ஓம் ஐயா. ஊரில இருக்கேக்குள்ள எங்கட கோயிலுக்குப் பிடியரிசி வைக்கிறனாங்கள். இஞ்ச வந்தும் கை கேக்கேல்ல, எல்லாரும் பால்மாத் தகரப் பேணியில எடுத்து எடுத்து வைச்சிட்டம். குடுக்கக் கோயில் இல்லை. திருப்பி எங்கட உலையில போடவும் கூடாது. நீங்களும் அம்மா சொன்னவ எண்டு சொன்னீங்கள்தானே. இஞ்ச இருந்த பழைய அரிசியும் முடிஞ்சு ஒரு நாள் அடுப்புப் புகையேல்ல. உங்கட பிள்ளையள் தட்டோட வந்து நிண்டுபோட்டு வெறுந் தட்டோட போகுதுகள். வேலிக்கு வெளியில நிண்டு எங்கட பிள்ளையள் பார்த்துக்கொண்டு நிண்டதுகள், வந்து சொன்னதுகள். அண்டைக்கே எல்லா வீட்டிலயும் பேணியளை எடுத்துக்கொண்டு வந்திட்டம்.

— தொடைச்சி எடுத்தாந்தாங்க சார், டப்பாவ. நான்தான் சொன்னேன், உங்க புள்ளைங்களும் குந்தினாதான் அடுப்பு பத்த வைப்பேன்னு. இந்தக்கா ஒத்துக்கல. உத்தரவு கீது, உனக்கு வேல போவும்னாங்க. ரெண்டு நாழி சண்ட எனக்கும் இவங்களுக்கும். அப்பறம்தான் ஒத்துக்கினாங்க.

— கைப்பிடி அரிசியில இத்தன பிள்ளைகளுக்கு எப்படிம்மா காணும்?

— காணாது ஐயா. அதால பிடியைக் கொஞ்சம் பெரிசாக்கினம்.

— கொஞ்சமா? ரெண்டு கையாலயும் அள்ளி வெக்கிறாங்க சார். ராத்திரில அங்க கஞ்சிதான். நான் போய்ப் பாத்துட்டுதான் சொல்றேன்.

— முகாமுக்குக் குடுக்க அரிசிய வெளிய குடுக்கப்பிடாதும்மா. தெரிஞ்சா அந்த அரிசியையும் நிப்பாட்டிருவாவ, ஒங்க எல்லாருக்குமே.

— தெரியும் ஐயா. அதுதான் மாரி வாய் திறக்கேல்ல. நீங்கள் கள்ளி எண்டு சொல்லவும் ஓம் எண்டு நிண்டவ.

— அப்ப இப்ப என் தட்டுல இருக்கது...

— அதுவும் அதான் சார். உங்க ஆபீசு அரிசி ஒரு பருக்கை இல்லன்னு மொதல்லயே முருகன் மேல ஆணையிட்டேன், நீதான் நம்பல.

— ஐயோ.

— ஐயோன்னா எப்டி? நீ ஒரு ரூல் சொன்ன. அவங்கவங்க அரிசி அவங்கவங்களுக்கு, ரெண்டாப் பிரிச்சிடுன்ன. பிரிச்சிடலாம் சார். தோ, மொத வரிசைல ரெட்ட ஜடை போட்டுக்கினு கீது பாரு, அது சைக்கிள் கட இராமச்சந்திரன் பொண்ணு. உன் ஆபீசுக்கு வந்து முகாம் புள்ளைங்க துன்னுதுன்னு வத்தி வெச்சது அவன்தான்னு எனக்குத் தெரியும். பக்கத்துல குந்திக்கினு கீறது என் புள்ள பிரசன்னா. அதுக்கப்பறம் பூரா எங்க ஊருதான். இந்தாண்ட கடைசில நீ. இந்தப் பந்தில குந்துறதுக்கு உரிம இல்லாதவங்க நாமதான். யாரை சார் மொதல்ல எழுப்பட்டும்?

— உமக்கென்ன விசரே மாரி, சாப்பிடுற ஆக்களைப் போய் எழுப்பிறதே? ஐயா, தட்டைத் தள்ளாதேங்கோ, இருந்து சாப்பிடுங்கோ. பிள்ளையள், நீங்களும் பயப்பிடாமச் சாப்பிடுங்கோ ராசா, உங்களை நாங்கள் ஒருத்தரும் எழுப்பமாட்டம்.